பிள்ளையாரைச் சுற்றிய லொறிகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஒரு பழைய மேம்பாலச் சந்தியின் கோப்பைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிக்னல்களைக் கழற்றிவிட்டு, பாலத்தின் இரண்டு பக்கமும் சுற்றுவட்டம் போடப் போகிறீர்களாம். "மிஸ், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, ரெண்டு மூண்டு பக்கம் காணும்," என்று உங்களில் ஒருவர் வெள்ளவத்தைக்கே வந்து, என் தொடர்மாடி பல்கனியில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லத் தொடங்கியதும், கீழே கடலோரமாகப் போன ரயிலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. நானும் அந்த ஜாதிதான். பேசிக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ போய்விடுகிறவள். இந்தக் கதையும் அந்தக் குணத்தால் வந்ததுதான்.

வட்டத்தின் அளவு, வீதியின் அகலம், தார்க் கலவை எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கணினி சொல்லித்தரும். நான் எழுதப் போவது என் பிழை ஒன்றைப் பற்றி. அதை எந்தக் கணினியும் சொல்லித்தரவில்லை. ஒரு தேங்காய்க்காரி சொல்லித்தந்தார், அதற்காகத் தன் தொடை எலும்பையும் கொடுத்தார்.

சந்தியின் பெயரை எழுதவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரிந்த இடம். துறைமுகத்திலிருந்து வரும் லொறிகள் ஊர் வீதியில் முக்கி முனகி வந்து, அந்த இடத்தில்தான் நெடுஞ்சாலைக்கு ஏறும். மேலே நெடுஞ்சாலைப் பாலம், கீழே ஊர் வீதி. ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஊர் வீதியைத் தொடுகிற இரண்டு இடத்திலும் சிக்னல். கட்டிய காலத்தில் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்களாம். நான் பொறுப்பெடுத்தபோது பாலத்தின் வெடிப்புகளில் ஆலங்கன்றுகள் முளைத்திருந்தன. சிக்னல் அடிக்கடி செத்துப்போகும். உயிரோடு இருக்கும் நாட்களிலும் காலையில் லொறிகள் மைல்கணக்கில் நிற்கும்.

சிக்னலை எடுத்துவிட்டு இரண்டு சுற்றுவட்டம் போடுவது என்று முடிவாயிற்று. மேலிருந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த வரைபடம். இரண்டு வட்டம், நடுவில் பாலத்துக்கடியால் போகும் வீதி. யாரும் நிற்கத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்து, வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு, வட்டத்தோடு ஓடி, வேண்டிய வழியில் வெளியேற வேண்டியதுதான். நம்மாட்கள் 'வழிவிடு' பலகையை ஓர் அபிப்பிராயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்த வரைபடம் என்னை மயக்கியது. உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்ததெல்லாம் ஒரே வேலைதான், வாகனங்கள் நிற்காமல் பார்த்துக்கொள்வது. நிற்கவே நிற்காத ஒரு சந்தி என்றால் எனக்குச் சொர்க்கம் மாதிரி.

அந்தச் சொர்க்கத்தில் ஏற்கனவே ஒருவர் குடியிருந்தார். மேற்குப் பக்கச் சந்தியில், சிக்னல் கம்பத்தின் அடியில், ஒரு முக்கோணத் திட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளையார். பாலம் கட்ட வந்த கூலியாள் ஒருவர் வைத்தது. அவருடைய மகள் திலகத்துக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். வீதியோரத்தில் தகரப் பந்தல் போட்டுத் தேங்காயும் கற்பூரமும் விற்றார். காலையும் பின்னேரமும் திட்டுக்குக் கடந்து போய் விளக்கேற்றுவார். அந்தப் பந்தலும் பிள்ளையாரும்தான் அவருடைய பிழைப்பு, அவருடைய குடும்பம், எல்லாம்.

சிவப்பு விழுந்ததும் லொறிகள் நிற்கும். திலகம் தட்டோடு இறங்குவார். சாரதி யன்னலால் கை நீட்டித் திருநீறு எடுப்பார். நீண்ட பயணம் போகிறவர் ஒரு தேங்காய் வாங்கி அவரிடமே கொடுக்க, அவர் அதைத் திட்டில் உடைப்பார். பச்சை விழுந்ததும் லொறி போய்விடும். எவரும் இறங்குவதில்லை, எவரும் ஓரம் கட்டுவதில்லை. நான் அந்தச் சிவப்பின் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் எத்தனை தடவை அளந்திருப்பேன்! என் தாளில் அதன் பெயர் தாமதம்.

அளவெடுக்கப் போன முதல் நாளே திலகம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், எல்லாத்தையும் இடிங்க. சிக்னலைப் பிடுங்குங்க. புள்ளையாரை மட்டும் அசைச்சிடாதீங்க. எங்கப்பா வச்சது."

"அசைக்கமாட்டன்," என்றேன். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

கணக்குப்படி வட்டத்தை வரைந்தால் பிள்ளையார் வாகனம் ஓடும் பாதையில் வந்து நின்றார். அவரை எடுப்பதென்றால் மனுக்கள் பறக்கும், அரசியல்வாதிகள் வருவார்கள், சாத்திரிமார் நாள் பார்ப்பார்கள். அதற்கும் பயந்தேன், வாக்குக் கொடுத்ததும் இருந்தது. வட்டத்தையே ஆறு மீற்றர் தள்ளிப் போட்டேன். தள்ளுவதுதான் தள்ளுகிறோம், ஒழுங்காகத் தள்ளுவோம் என்று, சரியாக நடு மையத்தில் பிள்ளையார் வரும்படி வைத்தேன். வரைபடத்தின் ஓரத்தில் காரணம் எழுத வேண்டுமே? 'வடிகால்' என்று எழுதினேன். நம் தொழிலில் எதற்குக் காரணம் சொல்ல முடியாதோ அதற்கு வடிகால் என்று எழுதுவோம் என்பது உங்களுக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். யாரும் கேள்வி கேட்கவில்லை. கிழக்கு வட்டத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார்கள்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஒரே பெருமை. பிள்ளையார் எங்கே இருப்பார் என்று பார்த்துவிட்டேன். திலகம் அவரிடம் எப்படிப் போவார் என்று பார்க்கவில்லை.

நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன்பு ஒரு கிழமை பரீட்சார்த்தமாக விடுவோம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளை முழு அளவில் வட்டமாக அடுக்கி, சிக்னல் முகங்களைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டு, வாகனங்களை ஓடவிட்டுப் பார்ப்பது. முதல் நாள் வியாழக்கிழமை. அருமையாக ஓடியது. லொறிகள் தயங்கின, தடுமாறின, பிறகு பழகிக்கொண்டன. மதியத்துக்குள் பாலத்தின் மேலே வரிசையே இல்லை. எங்கள் தலைமைப் பொறியியலாளர் வந்து பார்த்துவிட்டு, சிங்களத்தில், "இதைத்தான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்," என்றார். அதிகம் பேசாத மனிதர். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன்டிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தச் சந்தியில் நெடுங்காலமாகக் கடமையில் இருந்த சிங்களவர். தமிழும் சிங்களமும் கலந்து, இரண்டையும் உடைத்துக் கதைப்பார்.

"மிஸ், கொஞ்சம் வாறீங்களா? லொறி எல்லாம் சுத்துது."

"சுத்தத்தானே போட்டது சார்ஜன்ட்?"

"ஐயோ அப்படி இல்ல மிஸ். வெளிய போறாங்க இல்ல. ஒண்டு, ரெண்டு, மூணு ரவுண்ட். பொறகுதான் போறது. கண தெய்யோவ சுத்திக் கும்புடுறாங்க."

கண தெய்யோ என்றால் சிங்களத்தில் பிள்ளையார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் சுற்றுவட்டத்தில் நடு மையம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். கோயிலில் வலம் வருவதும் அதே திசைதான். சிவப்பு விளக்கில் நின்று கும்பிட்டுப் பழகியவர்களுக்கு இப்போது நிற்க இடமில்லை. நிற்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? சாமியைச் சரியாக நடுவில் வைத்து, சுற்றிவர நல்ல வீதியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேறு. மூன்று தரம் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்து பாலத்தின் நடைபாதையில் ஏறி நின்றேன். விடியுமுன் மழை பெய்திருந்தது. வீதி ஈரத்தில் மின்னியது. ஆற்றுப் பக்கமிருந்து மெல்லிய பனிப்புகார் வந்து தடுப்புகளின் மேல் படிந்திருந்தது. அதற்குள்ளே லொறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லை. ஹோர்ன் இல்லை. சிவப்பு லொறி, பச்சை லொறி, நீண்ட கொள்கலன் ஒன்று, பாடசாலை வான் ஒன்று, மல்லிகைச் சரம் கட்டிய கலியாணக் கார் ஒன்று. ஒவ்வொன்றும் பிள்ளையாரைக் கடக்கும்போது சாரதியின் கை ஒரு கணம் ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சுக்குப் போய் வரும். நடுவில் திலகம் முதல்நாள் ஏற்றிய விளக்கு அணைந்து கறுத்திருந்தது. சாக்குப் போர்த்திய சிக்னல் கம்பம் முக்காடு போட்ட கிழவி மாதிரி பிள்ளையார் பக்கத்தில் நின்றது.

எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாகனங்களை எண்ணியிருக்கிறேன், அளந்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அன்றுதான் அவற்றை முதன்முதலாகப் பார்த்தேன் என்று தோன்றியது. எனக்குப் பின்னால், நெடுஞ்சாலையில், இறங்க முடியாத வாகனங்களின் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். வேகமாக வரும் பாதையில் வாகனங்கள் நின்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கையில் வோக்கிடோக்கி இருந்தது. "சார்ஜன்ட், எல்லாத்தையும் மறியுங்கோ," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும், ஆறு நிமிடம் இருக்கும். பிள்ளைகளே, இந்த ஐந்து நிமிடத்தைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

திலகம் பந்தலிலிருந்து இறங்குவதைக் கண்டேன். ஒரு கையில் தட்டு, மறுகையில் எண்ணெய்ப் போத்தல். தடுப்புகளுக்கு இடையில் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளியை அவரே தள்ளி உண்டாக்கி வைத்திருந்தார். முந்தின நாளும் அதனூடாகப் போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. ஓரத்தில் நின்று பார்த்தார். முன்பெல்லாம் சிவப்பு விழும்வரை நிற்பார், விழுந்ததும் கடப்பார். இப்போது சிவப்பு இல்லை. வருகிற லொறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது வெளியே போகும், எது சுற்றும் என்று அவரே கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒரு நீல லொறி வந்தது. அதன் சாரதி சூசை தினமும் நெடுஞ்சாலைக்கு ஏறுகிறவர், திலகத்துக்கு நன்றாகத் தெரிந்தவர். அது ஏறும் வழியில் வெளியேறிவிடும் என்று நம்பி அவர் காலை வைத்தார்.

சூசை அன்று வெளியேறவில்லை.

பிரேக் சத்தம் கேட்டது. தட்டு வீதியில் உருண்டு போனது எனக்கு மேலேயிருந்து தெரிந்தது. திலகம் தெரியவில்லை. நான் எப்படி இறங்கி ஓடினேன் என்று ஞாபகமில்லை. லொறியின் மூலை தட்டி விழுந்திருந்தார். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. சுற்றிவர எல்லா வாகனமும் அப்போதுதான் நின்றன. சூசை வீதியில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய யன்னலில் அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது.

"நான் வேதக்காரன் மிஸ்," என்று என்னைப் பார்த்து அழுதார். "எனக்கு எதுக்கு இது? எல்லாரும் சுத்திறாங்க, நான் மட்டும் சுத்தாமப் போனா ஒரு மாதிரி இருந்திச்சு. அதான் சுத்தினேன். வேற ஒண்டுமில்ல மிஸ், சத்தியமா."

அவரைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி? அவர் ஊரோடு ஒத்துச் சுற்றினார். நான் மேலே நின்று ரசித்தேன்.

அன்று மதியம் தலைமைப் பொறியியலாளர் என்னைக் கந்தோருக்கு அழைத்தார். மேசையில் விபத்து அறிக்கைப் படிவம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் வழக்கமாக நாங்கள் எழுதுவது ஒன்று உண்டு: பாதசாரியின் கவனக்குறைவு. படிவத்தைப் பார்த்தாலே கை தானாக அதை எழுதிவிடும்.

"திங்கட்கிழமை காலை இது எனக்கு வேண்டும்," என்றார் சிங்களத்தில். "பாதசாரியின் பிழை என்றால், வட்டத்தைச் சுற்றி உயரமான வேலி போடுவோம். யாரும் உள்ளே போக முடியாது. சாமி அங்கேயே இருக்கட்டும். வரைபடம் அப்படியே நிற்கும். வடிவமைப்பின் பிழை என்றால், பரீட்சார்த்தத்தை நிறுத்தி முதலிலிருந்து வரைய வேண்டும். எத்தனை மாதம் என்று தெரியாது. வரைந்தவர் பதில் சொல்ல வேண்டிவரும்." கொஞ்சம் பொறுத்து, "வடிவமைப்பில் பிழை இருந்ததா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறன் சேர்," என்றேன். யோசிக்க என்ன இருந்தது? பயம்தான் இருந்தது.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திலகத்தின் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விளக்கு ஏத்தினாங்களா மிஸ்?"

"ஓம். சார்ஜன்ட் ஏத்தினவர். சிகரெட் லைட்டரால."

சிரித்தார். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"மிஸ், என் தப்புன்னு எழுதிடுங்க."

"என்ன?"

"பொலிஸ்ல வந்து கேட்டாங்க. நான்தான் பாக்காம எறங்கிட்டேன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே எழுதிடுங்க. புள்ளையார் அங்க இருந்ததாலதான் வெனை வந்திச்சுன்னு ஆயிட்டா, அவரைத் தூக்கிருவாங்க. நீங்க அசைக்கமாட்டேன்னு சொன்னீங்களே, சொன்ன மாதிரி செஞ்சீங்க. ஒங்களுக்குக் கெட்ட பேரு வரப்படாது. என் தப்பாவே இருக்கட்டும்."

எனக்கு அந்த நேரம் வந்த உணர்ச்சியை மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி. வெட்கமில்லாத, முழு நிம்மதி. அவரே சொல்லிவிட்டார். பொலிஸிலும் சொல்லிவிட்டார். இனி நான் எழுதப்போவது பொய்கூட இல்லை. கட்டிலருகில் இருந்த ஸ்டூலில் இருந்தபடி நான் அந்த நிம்மதியில் மிதந்தேன்.

பிறகு அவர் கேட்டார். "ஆறு மாசத்துல நடந்துருவேனாம். அதுவரைக்கும் யாரையாவது வெளக்கு வைக்கச் சொல்லுங்க மிஸ். பொறகு நான் பாத்துக்கிறேன்."

பொறகு நான் பாத்துக்கிறேன். வேலி அவருக்குத் தெரியாது. தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டால் பிள்ளையாரைக் காப்பாற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி எழுதினால் பிள்ளையார் உள்ளே இருப்பார், இவர் வெளியே இருப்பார். நடுவில் வேலியும் நிற்காத லொறிகளும் இருக்கும். தேங்காய் உடைக்க இடமில்லை, யன்னலால் கை நீட்ட எவருக்கும் நேரமில்லை. ஊன்றுகோலோடு வந்து வேலியோரம் நின்று, தன் தகப்பன் வைத்த சாமியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவார். அதற்கு அவரே கையெழுத்தும் வைத்துத் தந்திருக்கிறார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

சனநெரிசலான காலி வீதியில் பஸ்ஸுக்குள் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டை நீட்டினார். ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கொழும்பில் அப்படியும் ஆட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கட்டத்தில் எழுதினேன், அழித்தேன். முதலில் எழுதியது 'போக்குவரத்து ஒழுங்கு மாற்றத்தினால் ஏற்பட்ட குழப்பம்' என்று. எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள், ஒரு மனிதரும் இல்லை அதில். பிறகு 'சாரதிகளின் எதிர்பாராத நடத்தை' என்று எழுதினேன். அதையும் வெட்டினேன். எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? சிவப்பு விளக்கில் அவர்கள் கும்பிட்டதை நான்தான் வருஷக்கணக்காக நிறுத்துக் கடிகாரத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேனே. அதை எடுத்தால் அந்தக் கும்பிடு எங்கே போகும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டாமா?

கடைசியில் எழுதியது இதுதான். வட்டத்தின் மையத்தை நான் தள்ளிப் போட்டேன், காரணம் வடிகால் அல்ல, சிலை. சிவப்பு விளக்கு வாகனத்தை நிறுத்த மட்டும் இருக்கவில்லை, அந்தப் பெண் கடக்கவும் சாரதிகள் கும்பிடவும் இருந்தது. அதை எடுத்துவிட்டு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. சம்பவத்துக்கு முன்பு வட்டம் அடைபட்டிருந்ததைப் பாலத்தின் மேல் நின்று கண்டேன், நிறுத்தச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தலைமைப் பொறியியலாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். யன்னலால் வெளியே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பக்கத்துக் கட்டிடத்தின் குளிரூட்டிப் பெட்டிகள்தான்.

"கடைசி வரி தேவையில்லை," என்றார். "அது படிவத்தில் கேட்கப்படவில்லை."

"இருக்கட்டும் சேர்."

"அடுத்த பாலம் உங்களுக்கு வராது."

"விளங்குது சேர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. காலநிலை சொல்வது போலச் சொன்னார். அப்படியே நடந்தது. ஓய்வு பெறும்வரை வீதிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மொழியிலும் எழுத்துப் பிழை திருத்துவது. தெமட்டகொடையில் ஒரே சந்து ஒழுங்கைக்கு மூன்று பலகையில் மூன்று விதமாகப் பெயர் இருந்ததைக் கண்டுபிடித்தது என் பிற்கால சாதனை. சிரிக்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருந்தது. என் வயதுக்காரர்கள் பாலம் திறந்து றிபன் வெட்டிய படங்களைப் பத்திரிகையில் பார்க்கும்போது வயிறு எரியும். சரியானதைச் செய்தால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு லேசாகவில்லை. வேறு விதமாகச் செய்திருக்கலாமோ என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

வட்டத்தைக் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோக முடிவாயிற்று. அதுவரை சிக்னல்களுக்குப் போர்த்திய சாக்கைக் கழற்றினார்கள். அந்த வரைபடம் இப்போது என் பொறுப்பில் இல்லை. ஆனால் பிள்ளையாருக்கு இடம் பார்க்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார்கள், வேறு எவரும் அதைத் தொட விரும்பவில்லை. நான் வரைபடத்தில் மூன்று இடம் குறித்துக்கொண்டு திலகத்திடம் போனேன். அவர் எப்படிக் கடப்பார் என்று கேட்காமலே அவருக்கு வாக்குக் கொடுத்த ஆள் நான். இந்த முறை கேட்டேன்.

"புள்ளையாரை எடுக்கத்தான் வேணும் திலகம். நான் சொன்னதைக் காப்பாத்த முடியேல்ல. எங்க வைக்கலாம்? நீங்களே சொல்லுங்கோ."

வரைபடத்தை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். பிறகு, "என்னைக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

மூன்று நாள் காலையில், ஊன்றுகோலோடும் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடும் சந்திக்கு வந்தார். என் மூன்று இடத்தையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சந்திக்குக் கொஞ்சம் முன்னால், ஊர் வீதியில் ஒரு வெறும் ஓரத்தைக் காட்டினார்.

"நெடுஞ்சாலை ஏறுமுன்னாடி எல்லா லொறியும் இங்கதான் ஓரங்கட்டுது மிஸ். ரயர்ல தட்டிப் பாக்கிறாங்க, சாமானை மூடுற படங்கைக் கட்டுறாங்க. பாருங்க. எப்படியும் நிக்கிற எடத்துல சாமி இருந்தா, சாமிக்காகன்னு நிக்கத் தேவையில்ல."

நான் பார்த்தேன். உண்மைதான். அந்த ஓரத்தில் மண் எண்ணெய்க் கறையோடு இறுகிக் கிடந்தது. எத்தனையோ வருஷமாக லொறிகள் நின்று நின்று உண்டாக்கிய இடம். என் வரைபடத்தில் அது ஒரு வெள்ளைத் துண்டு. அங்கே லொறிகள் ஒதுங்கி நிற்க ஒரு தரிப்பிடமும், நடந்து போக ஒரு பாதையும் போட்டோம். வீதியைக் கடக்காமலே பந்தலிலிருந்து பிள்ளையாரிடம் போகலாம்.

பிள்ளையாரை மாற்றிய நாள் ஒரு புதன்கிழமை காலை. ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும், நாலு பேர் பிள்ளையாரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தார்கள். அதற்காக சார்ஜன்ட் நாலு பக்கமும் வாகனங்களை மறித்திருந்தார். எல்லாம் முடிந்தது, விடலாம் என்ற நேரத்தில் திலகம் என்னிடம் வந்தார்.

"மிஸ், அவர் இருந்த எடத்தை ஒருக்கா சுத்திக் கும்புட்டுட்டு வந்திரட்டா? ஒரே ஒரு தரம்."

புது வட்டத்தின் கல் அப்போதுதான் பதித்திருந்தார்கள். பழைய திட்டு அதன் ஓரத்தில், வாகனம் ஓடப்போகும் பாதையில் வெறுமையாகக் கிடந்தது. அதைச் சுற்றிக் கல்லும் மணலும் குவிந்திருந்ததால், வலம் வருவதென்றால் வெளி விளிம்போடு வட்டத்தை முழுவதும் சுற்ற வேண்டும். நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் இறங்கி நடந்தோம். அந்த வட்டத்தை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! கால் வைத்தது அன்றுதான். வெயில் இன்னும் ஏறவில்லை. நாலு பக்கமும் லொறிகள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றன. சாரதிகள் யன்னலில் முழங்கை ஊன்றிப் பார்த்தார்கள். சூசையின் நீல லொறியும் நின்றது. அவர் இறங்கி நிலத்தில் நின்றார். ஊன்றுகோல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கனவில் நடப்பது போல, எவ்வளவு நடந்தாலும் தூரம் குறையவில்லை.

பாதிவழியில் திலகம் மூச்சு வாங்க நின்றார். கல் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை ஒருமுறை பார்த்தார்.

"இம்புட்டு தூரமா மிஸ் இது?" என்றார். "அன்னைக்கு எறங்கினப்போ தெரியலையே."

அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேலே பாலத்தில் யாரோ ஒருவர் ஹோர்ன் அடித்தார். அதைக் கேட்டு இன்னொருவர் அடித்தார். சார்ஜன்ட் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "மிஸ், லைன் பாலத்துக்கு ஏறிட்டுது. விடட்டா?"

திலகத்துக்கு இன்னும் பாதி வட்டம் நடக்க இருந்தது.

"இல்லை சார்ஜன்ட், மறியுங்கோ," என்று கத்தினேன். "எல்லாத்தையும் மறியுங்கோ. அவ நடந்து முடிக்கட்டும்."